தாழ்த்தப்படும் கார்களும் பறிபோகும் இடைவெளியும்

நான் மோட்டார் வாகனங்களைப் பற்றி எழுதுபவன் அல்லன். பத்திரிகைப் பணியின் பெரும்பகுதியை அரசியல் செய்திகளுடனேயே கழித்த ஒருவன் திடீரென்று ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்பிரிங்கைப் பற்றி எழுத முற்படுவதைக் காணும் வழமையான வாசகர்கள் சற்று வியப்படையக்கூடும். ஆனால், எமது தொழில் கற்றுத்தந்த பழக்கம் ஒன்று இருக்கின்றது. எல்லோரும் ஒரே குரலில் ஒரு காரியத்தைச் செய்யுமாறு கூறுகின்றபோது, அதனால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன, அந்த இழப்பைச் சுமக்கப்போகிறவர் யார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் விடுவதில்லை. அந்தக் கேள்விகளை அரசியல்வாதியிடமும் கேட்கலாம். கார் உதிரிப்பாகம் விற்பவரிடமும் கேட்கலாம்.

இலண்டனின் ஹரோ பகுதியில் வசிக்கும் எனது சகோதரியின் மகன் 2010 ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்ட மஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒன்றை அண்மையில் வாங்கினான். இரண்டு ஆசனங்கள், மடிக்கக்கூடிய கூரை, பின்சில்லுகளால் உந்தப்படும் சிறிய கார். வாங்கிய முதல் மாதமே அவனுக்கு அதில் ஒரு குறை தென்பட்டுவிட்டது. "சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில நாலு விரல் விடலாம் மாமா, ஜீப் மாதிரி நிக்குது. 50 மில்லிமீற்றர் இறக்கப் போறன்" என்றான். குட்டையான ஸ்பிரிங்குகளைப் பொருத்தினால் கார் அழகாக மாத்திரமல்லாமல், திருப்பங்களில் தரையோடு ஒட்டியும் ஓடும் என்பது அவனது வாதம். அவனுக்குப் பதில் சொல்வதற்காகப் படிக்கத் தொடங்கிய விடயமே இந்தக் கட்டுரையாக விரிந்திருக்கின்றது. எனது முடிவை முதலிலேயே கூறிவிடுகின்றேன். பொதுவீதியில் ஓடும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை 25 மில்லிமீற்றர் அளவுக்கு, அதுவும் முறையாக, தாழ்த்துவதில் பெரிய குற்றம் எதுவும் இல்லை. அதற்கு அப்பால் செல்வது அழகுக்காக அடக்கத்தை விற்பதாகும். இங்கு அடக்கம் என்று நான் குறிப்பிடுவது சாரதிக்குக் காரின் மீதுள்ள கட்டுப்பாட்டை.

இந்தக் காரின் வரலாறே எமது விடயத்துக்கு நல்லதோர் உதாரணமாக அமைகின்றது. 1989 ஆம் ஆண்டு பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான எம்எக்ஸ்-5, ஹிரோஷிமாவில் தொஷிஹிகோ ஹிராய் என்ற பொறியியலாளரின் தலைமையில் உருவாக்கப்பட்டது. 'ஜின்பா இத்தாய்', அதாவது குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒன்றாதல், என்பதே அந்தக் குழுவின் தாரக மந்திரமாக இருந்தது. 2016 ஏப்ரலில் 10 இலட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. உலகில் வேறெந்த இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் காரும் இந்தளவுக்கு விற்பனையானதில்லை. இவ்வளவு நேசிக்கப்படும் ஒரு காரைத்தான், வாங்கிய கையோடு மாற்றியமைத்துவிடவேண்டும் என்ற ஆவலும் இவ்வளவு பேருக்கு வருகின்றது.

தாழ்த்துவதற்கு ஆதரவான வாதத்தை முதலில் நியாயமாகப் பார்ப்போம். கார் ஒரு திருப்பத்தில் செல்லும்போது உட்புறச் சில்லுகளின் மீதிருக்கும் பாரத்தில் ஒரு பகுதி வெளிப்புறச் சில்லுகளுக்கு மாறுகின்றது. புவியீர்ப்பு மையம் எவ்வளவு தாழ்வாக இருக்கின்றதோ அவ்வளவுக்கு இந்த மாற்றம் குறையும். மாற்றம் குறைந்தால் நான்கு ரயர்களும் சேர்ந்து தரையைப் பற்றும் வலிமை கூடும். இது இயற்பியல், இதில் பொய் இல்லை. ஆனால், அளவு என்ன? 1000 கிலோகிராம் எடையுள்ள, சில்லுகளுக்கிடையில் 1.4 மீற்றர் அகலமுள்ள, புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 45 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பு விசையின் பாதியளவு பக்கவிசையுடன் அது திரும்புகின்றது என்று வைத்துக்கொள்வோம். பொதுவீதியில் அதுவே துணிச்சலான வேகம். அப்போது வெளிப்புறத்துக்கு மாறும் பாரம் ஏறத்தாழ 161 கிலோகிராம். காரை 30 மில்லிமீற்றர் தாழ்த்தினால் அது 150 கிலோகிராமாகக் குறையும். அதாவது, கிடைக்கும் இலாபம் ஏறத்தாழ 11 கிலோகிராம். பந்தயத் திடலில் வினாடியின் பத்திலொரு பங்குக்காகப் போராடுபவனுக்கு அது பெரிய செல்வம். வேலைக்குச் சென்று திரும்புபவன் அதை உணரப்போவதில்லை.

இனி இழப்பைப் பார்ப்போம். எனது மருமகன் நான்கு விரல்களை நுழைத்துப் பார்த்துக் குறையென்று கண்ட அந்த இடைவெளி வெற்றிடமல்ல. அது சில்லின் வேலைத்தளம். வீதியில் ஒரு மேடு வரும்போது சில்லு மேலே ஏறவேண்டும். ஏறும்போது ஸ்பிரிங் அந்த அதிர்ச்சியின் சக்தியை வாங்கிக்கொள்ளவேண்டும். ஷொக் அப்சோபர் அந்தச் சக்தியை வெப்பமாக்கித் தீர்க்கவேண்டும். இதற்கெல்லாம் தேவையானது இடம். சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்த இடம் ஆரம்பத்திலேயே தாராளமாக இருப்பதில்லை.

உதாரணத்துக்கு, சில்லு மேலேறுவதற்கு 75 மில்லிமீற்றர் இடம் இருப்பதாகக் கொள்வோம். காரை 30 மில்லிமீற்றர் தாழ்த்தினால் மிஞ்சுவது 45 மில்லிமீற்றர். ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. ஒரு ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் சக்தி அதன் கடினத்தையும், அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. எனவே, அதே மேட்டை அதே வேகத்தில் கடக்கும்போது மிஞ்சிய 45 மில்லிமீற்றருக்குள் அதே சக்தியை அடக்கவேண்டுமானால், ஸ்பிரிங் ஏறத்தாழ 2.8 மடங்கு கடினமாக இருக்கவேண்டும். 50 மில்லிமீற்றர் தாழ்த்தினால் மிஞ்சுவது 25. அப்போது தேவைப்படுவது ஒன்பது மடங்கு. பெட்டியில் வைத்து விற்கப்படும் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் இந்தக் கணக்குக்கு அருகிலும் வருவதில்லை. வந்தால் எவரும் அவற்றின்மேல் அமர்ந்து வீடு போய்ச்சேர முடியாது. ஆகவே அவை பழைய ஸ்பிரிங்கைவிடச் சற்றே கடினமாகவும் பெருமளவு குட்டையாகவும் செய்யப்படுகின்றன. மீதிக் கணக்கைத் தீர்ப்பது யார்?

ஷொக் அப்சோபரின் தண்டில் இருக்கும் தடுப்பு இறப்பர்தான் அதைத் தீர்க்கின்றது. சில்லு தனது எல்லையை அடையும்போது உலோகத்தோடு உலோகம் மோதாமல் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டது அது. கடைசிக் காவலாளி என்று சொல்லலாம். அளவுக்குமீறித் தாழ்த்தப்பட்ட காரில் இந்தக் கடைசிக் காவலாளி ஒவ்வொரு நாளும் முன்வாசலில் நிற்கவேண்டியதாகின்றது. கார் நேராக ஓடும்போது இது முதுகுக்கு வரும் துன்பம் மாத்திரமே. திருப்பத்தில் அது வேறு கதை. கார் சரிந்து, வெளிப்புறச் சில்லு மேலேறி, அந்த வேளையில் வீதியில் ஒரு மேடோ குழியின் விளிம்போ குறுக்கிட்டால், இறப்பர் அமுங்கித் தீர்ந்த கணத்தில் அந்த மூலையின் கடினம் திடீரெனப் பலமடங்காகின்றது. பாரம் முழுவதும் அந்த ஒரு ரயரின்மேல் விழுகின்றது. முன்பக்கத்தில் நிகழ்ந்தால் கார் திரும்ப மறுத்து நேரே போகும். பின்பக்கத்தில் நிகழ்ந்தால் வால் சுழன்று முன்னே வரும். மழை பெய்த வீதியில், பின்சில்லுகளால் உந்தப்படும் ஒரு சிறிய காரில், அந்தக் கணத்தைத் திருத்துவதற்குச் சாதாரண சாரதிக்கு அவகாசம் கிடைப்பதில்லை. "தரையோடு ஒட்டியோடும்" என்று விற்கப்பட்ட பொருள், மிகவும் தேவைப்படும் வேளையில் தரையை விட்டுவிடுகின்றது.

பிரேக் பிடிக்கும்போதும் இதே கதைதான். கரடுமுரடான வீதியில் ரயர் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் கார் நிற்கும். சில்லு துள்ளினால், துள்ளும் ஒவ்வொரு தடவையும் நிற்கும் தூரம் நீளுகின்றது. அந்த நீளத்தின் முனையில் வீதியைக் கடக்கும் ஒருவர் இருக்கலாம். சாரதியின் விருப்பத்தை அவருடைய சொந்த விடயம் என்று கூறி விட்டுவிட முடியாமலிருப்பதற்கு இதுவே காரணம்.

பயணத்தின் சுகம் கிழவர்களின் கவலை என்று இளைஞர்கள் நினைக்கின்றனர். உண்மையில் அது கட்டுப்பாட்டின் மறுபக்கம். சாதாரண கார் ஒன்றின் உடல் வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரைத் தடவை வரை மேலும் கீழும் அசையும்படி ஸ்பிரிங்குகள் தெரிவுசெய்யப்படுகின்றன. மனித உடல் செங்குத்தாக வரும் அதிர்வுகளில் வினாடிக்கு நான்கு முதல் எட்டுத் தடவை வரையானவற்றையே மிகவும் கூர்மையாக உணருகின்றது. ஸ்பிரிங்கைக் கடினமாக்கும் ஒவ்வொரு படியிலும் காரை அந்த எல்லையை நோக்கித் தள்ளுகின்றோம். 1930களில் அமெரிக்காவின் கடிலக் நிறுவனத்தில் பணியாற்றிய மொரிஸ் ஒலி என்ற பொறியியலாளர் இன்னொரு உண்மையையும் பரிசோதனை மூலம் நிலைநாட்டினார். மேட்டை முதலில் சந்திப்பது முன்சில்லு. பின்சில்லு சற்றுத் தாமதித்தே சந்திக்கின்றது. எனவே, பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று விரைவாக அசையும்படி ஸ்பிரிங்குகளை அமைத்தால் இரண்டு அசைவுகளும் விரைவில் ஒத்துப்போய்க் கார் குதிரைபோல் தலையாட்டாமல் சமமாகச் செல்லும். இந்தச் சமநிலையைப் பற்றி எதுவும் தெரியாமல், தோற்றத்துக்காக முன்பக்கத்தைக் கூடுதலாக இறக்கிக் கடினமாக்கும் ஒரு ஸ்பிரிங் தொகுதி 90 வருட அறிவை ஒரு பிற்பகலில் கழற்றி எறிந்துவிடுகின்றது.

ஷொக் அப்சோபர்களையும் மறந்துவிடலாகாது. அவை குறிப்பிட்ட ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவதற்கென அளந்து செய்யப்பட்டவை. ஸ்பிரிங் கடினமானால் அதை அடக்கவேண்டிய வலிமையும் கூடவேண்டும். பத்து வருடம் ஓடிக் களைத்த ஷொக் அப்சோபரின் மேல் புதிய கடினமான ஸ்பிரிங்கை மாட்டுவது, முதிர்ந்த பாகனிடம் மதங்கொண்ட யானையை ஒப்படைப்பது போன்றது.

அடுத்ததாக, சில்லைத் தாங்கும் இணைப்புக் கைகளின் கோணம். கார் தாழும்போது இந்தக் கைகள் தம் இயல்பான நிலையிலிருந்து மேல்நோக்கிச் சாய்கின்றன. அவற்றின் கோணமே, திருப்பத்தில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சரியும் என்பதைத் தீர்மானிக்கின்றது. பொறியியலாளர்கள் அதைச் சரிவு மையம் என்கின்றனர். முன்பக்கத்தில் மக்பேர்சன் ஸ்ட்ரட் அமைப்புள்ள கார்களில், 2012இல் வெளிவந்த டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் என்பவை அத்தகையன, காரைத் தாழ்த்தும்போது புவியீர்ப்பு மையம் இறங்குவதைவிட வேகமாகச் சரிவு மையம் இறங்கிவிடக்கூடும். இரண்டுக்கும் இடையிலான தூரமே காரைச் சரிக்கும் நெம்புகோல். நெம்புகோல் நீண்டால், தாழ்ந்த கார் முன்னரைவிடக் கூடுதலாகச் சரிய முற்படும். சரிவைக் குறைப்பதற்காகத் தாழ்த்திய காரை, தாழ்த்தியதால் கூடிய சரிவைக் குறைப்பதற்காக மேலும் கடினமாக்கவேண்டியதாகின்றது.

எம்எக்ஸ்-5 இன் முன்பக்கத்தில் இருப்பது மேலும் கீழுமாக இரண்டு கைகளைக் கொண்ட அமைப்பு. அது இவ்விடயத்தில் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும். ஆயினும் 2009 ஆம் ஆண்டுக்கான திருத்திய மொடலில் மஸ்டாவின் பொறியியலாளர்கள் என்ன செய்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. முன்பக்கக் கீழ்க்கையின் வெளிமுனையில் உள்ள போல் ஜொயின்ற்றின் இடத்தை மாற்றி, சரிவு மையத்தை 26 மில்லிமீற்றர் தாழ்த்தினார்கள். காரின் குணத்தைச் சீராக்குவதற்கு அவர்களுக்கு அந்த 26 மில்லிமீற்றர் போதுமானதாக இருந்தது. அது பலமுறை ஓட்டிப் பார்த்து எடுக்கப்பட்ட முடிவு. அதே காரில் கராஜ் ஒன்று 50 மில்லிமீற்றரை ஒரு மணித்தியாலத்தில் வெட்டி எடுத்துவிட்டு, முன்னேற்றம் என்று பெயரும் வைக்கின்றது.

"அப்படியானால் பந்தயக் கார்கள் ஏன் தரையைத் தடவிக்கொண்டு ஓடுகின்றன?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். அவை தாழ்வாக இருப்பதன் பெருங்காரணம் காற்று. காரின் அடித்தளத்துக்கும் தரைக்கும் இடையில் விரைந்தோடும் காற்று காரைக் கீழே உறிஞ்சுகின்றது. வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் அந்த உறிஞ்சலால் பயன் எதுவும் இல்லை. பந்தயத்திலும்கூட அதற்கான விலை சிறியதாக இருக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஃபோர்முலா 1 கார்கள் இந்த உறிஞ்சலுக்காகச் சஸ்பென்ஷன் அசைவையே ஏறத்தாழக் கைவிட்டன. 1981இல் தரையிலிருந்து 6 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கவேண்டும் என்ற விதி வந்தபோது, பிரபாம் அணியின் வடிவமைப்பாளர் கோர்டன் மறே, நிற்கும்போது உயர்ந்தும் ஓடும்போது தாழ்ந்தும் இருக்கும் ஒரு காரைச் செய்து விதியை ஏமாற்றினார். 1983இல் தட்டையான அடித்தளம் கட்டாயமாக்கப்பட்ட பின்னரே அந்தக் கூத்து ஓய்ந்தது. அதே வகை அடித்தளம் 2022இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது கார்கள் நேர்ப்பாதையில் துள்ளத் தொடங்கின. அஸர்பைஜான் பந்தயத்தின் முடிவில் லூயிஸ் ஹமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கியதை உலகமே பார்த்தது. சாரதிகளின் உடல்நலம் கருதி சர்வதேச சம்மேளனம் தலையிட நேர்ந்தது. அடுத்த வருடமே அடித்தளத்தின் விளிம்புகளை 15 மில்லிமீற்றர் உயர்த்துமாறு விதி திருத்தப்பட்டது. உலகின் மிகத் திறமையான பொறியியலாளர்களும், மிக வழுவழுப்பான பாதைகளும், உடற்பயிற்சியால் இறுகிய சாரதிகளும் இருக்கும் இடத்தில் நிலைமை இதுவென்றால், ஹரோவின் ஒழுங்கைகளைப் பற்றிச் சொல்லவேண்டுமா?

வீதிக்கான நல்ல ஸ்போர்ட்ஸ் காருக்குப் பாடம் வேறிடத்தில் இருக்கின்றது. பந்தயத்திலே ஊறிப்போன கொலின் சப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1962இல் வெளியிட்ட எலான் கார் 700 கிலோகிராமுக்கும் குறைந்த எடையுடையது. அதன் ஸ்பிரிங்குகள் மிருதுவானவை. சில்லுகள் அசைய நல்ல இடம் உண்டு. அந்த அசைவை ஷொக் அப்சோபர்கள் இறுக்கமாக அடக்குகின்றன. வீதியில் ஓடிய கார்களில் மிகச் சிறந்த கையாளல் உடையவற்றுள் ஒன்று என்று அது இன்றும் போற்றப்படுகின்றது. எம்எக்ஸ்-5 ஐ உருவாக்கியவர்கள் முன்மாதிரியாகப் பார்த்த கார்களில் எலானும் ஒன்று. அந்தப் பரம்பரையின் குணம் பின்னரும் மாறவில்லை. 2022 ஆம் ஆண்டு மொடலில், வேகமான திருப்பங்களில் காரின் உடல் மேலெழுவதைக் கட்டுப்படுத்த மஸ்டா காரைத் தாழ்த்தவில்லை. ஸ்பிரிங்கைக் கடினமாக்கவும் இல்லை. உட்புறப் பின்சில்லின் பிரேக்கை மிக இலேசாகப் பிடிப்பதன் மூலம் அந்தப் பக்கத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கும் உபாயத்தைக் கையாண்டது. சில்லின் இடைவெளியைத் தொடாமலே சரிவைக் குறைத்தார்கள். காரைச் செய்தவர்களே கடைசிவரை காப்பாற்றும் ஒன்றைக் காரை வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே கொடுத்துவிடத் துடிப்பதுதான் விந்தை.

வேகத்தடை மேடுகளின் கணக்கும் இருக்கின்றது. பிரித்தானியாவில் 1999 ஆம் ஆண்டின் விதிகளின்படி வேகத்தடை 25 முதல் 100 மில்லிமீற்றர் வரை உயரமாக இருக்கலாம். அந்நாட்டின் வீதி ஆராய்ச்சிக்கூடத்தில் 1970களில் வகுக்கப்பட்ட வளைந்த மேடு 3.7 மீற்றர் நீளமானது. அது முழு 100 மில்லிமீற்றர் உயரத்துக்கு அமைக்கப்பட்டிருந்தால், காரின் மூக்கு முன்சில்லுக்கு 80 சென்ரிமீற்றர் முன்னால் நீண்டிருக்கும்போது, சில்லு ஏறத் தொடங்குவதற்கு முன்னரே மூக்கின் கீழுள்ள மேடு ஏறத்தாழ 68 மில்லிமீற்றருக்கு உயர்ந்துவிடும். மூக்கு தரையிலிருந்து 120 மில்லிமீற்றர் உயரத்தில் இருந்தால் கவலையில்லை. 50 மில்லிமீற்றர் தாழ்த்தினால் மிஞ்சுவது 2 மில்லிமீற்றர். பிரேக்கைத் தொட்டால் மூக்கு குனியும், அதுவும் இல்லை. அப்படிப்பட்ட காரின் சாரதி மேட்டைக் குறுக்காகக் கடக்கின்றார், எதிர்ப்பக்கத்துக்கு விலகுகின்றார், பின்னால் வருபவர் எதிர்பாராத இடத்தில் நின்றுவிடுகின்றார். பாடசாலைக்கு முன்னால் பிள்ளைகளைக் காப்பதற்கென்று போடப்பட்ட மேடு, அங்கேயே ஒரு புதிய குழப்பத்தை உண்டாக்குகின்றது.

எமது மக்கள் பரந்து வாழும் நாடுகளின் சட்டங்கள் இந்த விடயத்தை வெவ்வேறு விதமாக நோக்குகின்றன. ஜப்பானில் வாகனப் பரிசோதனையில் சித்தியடைய, கார் தரையிலிருந்து 9 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கவேண்டும். ஜேர்மனியில் மாற்று ஸ்பிரிங்குகள் தொழில்நுட்பச் சான்றிதழுடன் வரவேண்டும். பொருத்திய பின்னர் பரிசோதகர் பார்த்து வாகனப் பத்திரங்களில் பதிவுசெய்யவேண்டும். இல்லாவிடில் காரை வீதியில் ஓட்டும் அனுமதியே அற்றுப்போகலாம். கலிபோர்னியாவின் வாகனச் சட்டக்கோவையில் 2023 ஆம் ஆண்டின் முடிவுவரை நடைமுறையிலிருந்த 24008 ஆம் பிரிவு, மாற்றியமைக்கப்பட்ட காரின் எந்தப் பாகமும் சில்லின் உலோக வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்றது. அந்தச் சட்டத்துக்குப் பிடிகொடுக்காமலிருக்கவே 1959இல் ரொன் அகீரே என்பவர் தனது கொர்வெட் காரை, வேண்டும்போது ஏற்றவும் இறக்கவும் ஐதரோலிக் பம்புகளைப் பொருத்தினார் என்பது அங்குள்ள கார்ப் பண்பாட்டின் பிரசித்திபெற்ற கதை. மெதுவாக ஊர்வலம் போவதற்கென்றே தாழ்த்தப்படும் அந்தக் கார்களுடன் எனக்கு வழக்கெதுவும் இல்லை. அவை வேகத்தைப் பற்றிப் பொய் சொல்வதில்லை.

என் பார்வையில் இவை எல்லாவற்றிலும் விவேகமானது அவுஸ்திரேலிய விதி. அங்கு தரை இடைவெளி 100 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பதுடன், சஸ்பென்ஷனை மாற்றும்போது சில்லின் மூல அசைவில் மூன்றில் இரண்டு பங்காவது மேலும் கீழும் எஞ்சியிருக்கவேண்டும் என்று மாற்றியமைப்பு நெறிக்கோவை கூறுகின்றது. அதாவது, கார் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றது என்பதோடு நின்றுவிடாமல், சில்லுக்கு எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கின்றது என்றும் அந்த விதி கேட்கின்றது. நான் முன்னர் எடுத்துக்கொண்ட 75 மில்லிமீற்றர் உதாரணத்தில், மூன்றில் இரண்டு என்பது 50. ஆகவே தாழ்த்தக்கூடியது 25 மில்லிமீற்றர். எனது எல்லையை நான் வானத்திலிருந்து பிடித்துவரவில்லை என்பதை வாசகர்கள் இப்போது கண்டுகொள்வார்கள். பிரித்தானியாவும் கனடாவும் இத்தகைய ஒரு விதியை நாடெங்கும் ஏற்படுத்திக்கொள்வது நல்லது. தடைசெய்யவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அளக்கவேண்டும் என்றே கேட்கின்றேன்.

விதி வரும்வரை காப்புறுதி இருக்கின்றது. பிரித்தானியாவில் 2012 ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டத்தின்படி, நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குத் தவறான தகவல் கொடுக்காமலிருக்க வாடிக்கையாளர் நியாயமான கவனம் எடுக்கவேண்டும். மாற்றங்கள் ஏதும் செய்தீர்களா என்ற கேள்விக்கு வேண்டுமென்றே இல்லை என்று பதிலளித்துவிட்டு விபத்தைச் சந்தித்தால், நிறுவனம் ஒப்பந்தத்தையே செல்லாததாக்கலாம். ஸ்பிரிங்கின் விலையைக் கணக்கிடும் இளைஞர்கள் இந்த விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

அழகு என்ற ஆசையை நான் இழிவுபடுத்தவில்லை. சில்லு மட்காட்டுக்குள் பொருந்தி நிற்கும் கார் கண்ணுக்கு இனியது என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், அழகுக்காகச் செய்கின்றோம் என்றால் அழகுக்காகச் செய்கின்றோம் என்று சொல்லவேண்டும். அதைப் பாதுகாப்பு என்றும் செயற்றிறன் என்றும் பெயர்மாற்றி விற்பதைத்தான் நான் ஆட்சேபிக்கின்றேன். உண்மைப் பெயரைச் சொன்னால் அளவும் தானாகவே வந்துவிடும். கண்ணுக்கு 20 அல்லது 25 மில்லிமீற்றரே பெரிய மாற்றமாகத் தெரியும்.

தாழ்த்தியே தீருவோம் என்பவர்களுக்கு, விடயமறிந்த மெக்கானிக்குகள் கூறுவதைத் தொகுத்துத் தருகின்றேன். முதலில் நல்ல ரயர்களுக்குச் செலவிடுங்கள். அடுத்ததாக, தேய்ந்த ஷொக் அப்சோபர்களை மாற்றி, வீல் எலைன்மென்ட்டைச் சரிபார்த்து ஓட்டிப் பாருங்கள். பலருக்குத் தேவையான மாற்றம் அதிலேயே கிடைத்துவிடும். அதற்குப் பின்னரும் ஆசை தீராவிட்டால், ஸ்பிரிங்கையும் அதற்கேற்ற ஷொக் அப்சோபரையும் தடுப்பு இறப்பரையும் ஒரே தொகுதியாக வாங்குங்கள். ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கும் எவரிடமும் காரைக் கொடுக்காதீர்கள். இணைப்புக் கைகளின் ஆணிகளை, கார் தன் சில்லுகளில் நிற்கும்போதே இறுதியாக இறுக்கவேண்டும். தூக்கி வைத்தபடி இறுக்கினால் உள்ளேயுள்ள இறப்பர்கள் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். பின்னர் எலைன்மென்ட்டை மீண்டும் சரிசெய்து, முன்விளக்குகளின் நோக்கையும் பாருங்கள்.

கடைசியாக, ஐந்து சதமும் செலவில்லாத ஒரு சோதனை இருக்கின்றது. ஷொக் அப்சோபரின் தண்டில் தூசுறையைச் சற்று விலக்கி, கேபிள் டை என்று விற்கப்படும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டி ஒன்றைச் சுற்றிக்கட்டி, கீழே தள்ளிவிட்டு, வழமையான பாதையில் வழமையான வேகத்தில் ஓட்டி வாருங்கள். ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் அந்தப் பட்டி தண்டில் மேலே தள்ளப்படும். எட்டிய உச்சத்திலேயே நின்றுவிடும். அது தடுப்பு இறப்பரைச் சென்று முட்டியிருந்தால் உங்கள் சில்லுக்கு இடம் போதவில்லை என்பது பொருள். விளம்பரமும் நண்பர்களும் என்ன சொன்னாலும் அந்தப் பட்டி பொய் சொல்லாது. எதையாவது கழற்றுவதற்கு முன்னர், தொழிற்சாலையிலிருந்து வந்தபடி நிற்கும் காரிலேயே ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். வெறுமையாக இருக்கின்றது என்று நீங்கள் நினைத்த இடத்தில் எவ்வளவு ஏற்கெனவே பயன்பட்டுக்கொண்டிருக்கின்றது என்பது தெரியவரும். கொடுக்கக்கூடியது எவ்வளவு என்பதை அதன் பின்னர் தீர்மானிக்கலாம்.